தென்சென்னைக் குன்றுகள்: ஆழத்திலிருந்து எழுந்த பாறைகள்

தாம்பரம் முதல் பரங்கிமலை வரை நீளும் ரயில் பாதையை ஒட்டிப் பச்சைமலை, பல்லாவரம், திரிசூலம் எனச் சிறு குன்றுகள் ஆங்காங்கே தலைதூக்கி நிற்கின்றன. சுற்றிலும் இருந்த பாறைகள் அரிப்பினால் கரைந்துபோக, உறுதியான பகுதி மட்டும் எஞ்சி நிற்கும் இத்தகைய மேடுகளை நிலவியலார் எச்சக் குன்றுகள் என்பர். உயரத்தில் இவை சில நூறு அடிகளே ஆயினும், வயதில் இமயமலையை விடப் பன்மடங்கு மூத்தவை.

இக்குன்றுகளில் பெரும்பகுதி சார்னோக்கைட்டு என்னும் பாறையால் ஆனது. கொல்கத்தா நகரை நிறுவியவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதிக்கப்பட்ட கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது என்பதால், அதனை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னாக்கின் பெயரையே இப்பாறை வகைக்குச் சூட்டினார். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றுடன் ஹைப்பர்ஸ்தீன் என்னும் இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமம் சேர்ந்திருப்பதே இதன் அடையாளமாகும். நீரைத் தம்முள் கொண்டுள்ள அபிரகம் போன்ற கனிமங்கள் கடும் வெப்பத்தில் அந்நீரை இழக்கும்போது ஹைப்பர்ஸ்தீன் உருவாகும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், அத்தகைய வெப்பம் நிலவிய நிலத்தடியில் 20 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில் இப்பாறை பக்குவப்பட்டது என்று அறிஞர்கள் கணிக்கின்றனர். மேலே கிடந்த பாறைச் சுமை அரிப்பினால் நீங்கியபோது அழுத்தம் தளர்ந்து, பாறை விரிந்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிளந்தது. இக்குன்றுகளில் காணும் உருண்டைப் பாறைகள் உருவானதில் இவ்வகைச் சிதைவுக்கும் பங்கு உண்டு. பரங்கிமலைப் பகுதியின் சார்னோக்கைட்டு, தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

மனித வரலாற்றிலும் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் 1863 மே 30 அன்று பல்லாவரத்தின் சரளைக் குழியொன்றில் கண்டெடுத்த குவார்ட்சைட்டுக் கல்லாயுதமே, இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததை அறிவியல் உலகிற்கு முதன்முதலில் உணர்த்தியது. அதற்கு முன்னரே, 1802-இல், நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். ஒரு பக்கத்தையும் கோணங்களையும் அறிந்தால் முக்கோணத்தின் ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம் என்னும் விதியைப் பின்பற்றி, அந்தக் கோட்டிலிருந்து தொடங்கிய நில அளவைப் பணி பின்னர் இமயம் வரை சென்றது.

நடந்து சென்று இக்குன்றுகளைக் காண விரும்புவோர்க்குப் பழைய வழிபாட்டுப் பாதைகளே எளிய வாயில்களாகும். போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய பரங்கிமலைத் தேவாலயத்திற்கு ஆர்மேனிய வணிகர் பெட்ருஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த படிக்கட்டும், திருநீர்மலை அரங்கநாதர் கோயிலுக்கு ஏறும் படிகளும் பாறையை அருகிலிருந்து நோக்க உதவுகின்றன. நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் செங்குத்துச் சுவர்களைக் கொம்பன் ஆந்தை தன் இருப்பிடமாக்கிக் கொண்டுள்ளது. ஆயினும் காப்புக்காட்டிற்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை என்பதையும், குவாரிப் பள்ளங்களில் தேங்கிய நீர் மிக ஆழமானது என்பதையும் மறத்தலாகாது.

சென்னையின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் கருங்கல் ஜல்லியாக உடைபட்டு இக்குன்றுகளில் பெரும்பகுதி முன்னரே குறைந்துவிட்டது. உடைந்த குன்று மீண்டும் வளராது. ஆகவே, எஞ்சியவற்றைக் காப்பதோடு, பாறையின் வயதையும் தோற்றத்தையும் விளக்கும் தமிழ்ப் பலகைகளைப் படிக்கட்டுகளின் ஓரத்தில் நிறுவி, பள்ளி மாணவர்கள் ஆசிரியரோடு நடந்து கற்கும் நிலவியல் பாதைகளாக இவற்றை ஆக்குவது அரசுத் துறைகளும் கல்விக்கூடங்களும் இணைந்து உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.