உளுந்தின் வேரில் வாழும் நுண்ணுயிர்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் காவிரிப் பாசனமுள்ள ஸ்ரீரங்கம், லால்குடிப் பகுதிகளில், சம்பா அறுவடைக்குச் சில தினங்களுக்கு முன்பே ஈரம் காயாத நெல்வயலில் உளுந்து தெளிப்பது வழக்கம். வளர்ந்த செடியொன்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்தால் வேரிற் சிறு முடிச்சுகள் காணப்படும். அவை நோயல்ல, ரைசோபியம் என்னும் பாக்டீரியாவின் இருப்பிடங்கள்.

பாக்டீரியா ஓரணு உயிர். அவ்வணுவில் தனித்த உட்கரு கிடையாது. ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும். வகைகளோ பல. ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கிச் செடிக்குத் தந்து, கைம்மாறாகச் சர்க்கரை பெறுகிறது. 1888-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் இதனைப் பிரித்து வளர்த்தார். நெல்வயலின் நீலப்பச்சைப் பாசியும் அவ்வாறே உதவுவதை 1939-இல் பி. கே. டே விளக்கினார். சேற்றில் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியா, உருவில் பாக்டீரியாவை ஒத்திருப்பினும் வேறு குலமென்பது 1977-இல் தெரியவந்தது.

ஒரு ஹெக்டேருக்குரிய உளுந்து விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியிற் கலந்து பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி, தாமதமின்றி விதைத்தல் வேண்டும். வெயிலோ, ரசாயன உரமோ, பூஞ்சாண மருந்தோ பட்டால் இவ்வுயிர்கள் மடியும். மடிந்ததை விதைத்தல் வீண்செலவே. பொட்டலத்தின் காலக்கெடுவையும் பார்த்து வாங்குக.

பூக்கும் தருணத்தில் முடிச்சொன்றை நகத்தாற் பிளந்து பார்த்தால் பலன் விளங்கும். உட்புறம் இளஞ்சிவப்பாயின் வேலை நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருப்பின் நடக்கவில்லை. கிராம அலுவலர்கள் இச்சோதனையைத் தத்தம் ஊர்க் குடியானவர்களுக்கு வயலிலேயே காட்டுவார்களாக.