'தி கொயட் ஜென்டில்மேன்': குற்றவாளி யாருன்னு தெரிஞ்சே படிப்பது

ஜார்ஜெட் ஹேயரின் 'தி கொயட் ஜென்டில்மேன்' நாவலை இரண்டாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை படித்தது ஏழெட்டு வருஷம் முன்னாடி. அப்போ "துப்பறியும் கதைன்னு பார்த்தா சப்பை, காதல் கதைன்னு பார்த்தா அவசரம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டேன். என் பேச்சைக் கேட்டு ரெண்டு பேர் அதைப் படிக்காமலே விட்டுட்டாங்க. அந்தத் தீர்ப்பில் பாதியை இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிடறேன், கதையின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. யார் குற்றவாளி என்பதும் யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதும் கீழே வரும். புத்தகத்தைப் படிக்கும் எண்ணம் இருந்தால் படிச்சுட்டு வாங்க.

ஹேயரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1902இல் விம்பிள்டனில் பிறந்தவர், 1974இல் இறந்தார். இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்துப்போய், அவர் மகன் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட 1811 முதல் 1820 வரையான காலத்தைத்தான் ரிஜென்சி என்பார்கள். அந்தக் காலத்துக் காதல் நாவல்களை ஒரு தனி வகையாக நிறுத்தியவர் ஹேயர். 'ரிஜென்சி பக்' (1935) இந்த வரிசையில் முதல். அதிலேயே காதலோடு ஒரு கொலைச்சதியும் உண்டு.

'கொயட் ஜென்டில்மேன்' 1951இல் வந்தது. போரிலிருந்து திரும்பிய ஜெர்வேஸ், அப்பா இறந்து ஒரு வருஷம் கழித்து லிங்கன்ஷையரில் இருக்கும் ஸ்டான்யன் கோட்டைக்கு வருகிறான். அவன்தான் புது ஏர்ல், அதாவது பட்டக்காரப் பிரபு. அங்கே அவனை யாருக்கும் பிடிக்கவில்லை. சித்தி, சித்திக்குப் பிறந்த முன்கோபக்காரத் தம்பி மார்ட்டின், பண்ணையையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் அமைதியான தியோ, விருந்தாளியாகத் தங்கியிருக்கும் ட்ரூசில்லா மார்வில். பக்கத்து ஊரில் மரியான் என்றொரு பேரழகி. கோட்டைக்கு வந்த கொஞ்ச நாளில் ஜெர்வேஸுக்கு விபத்துகள் நடக்க ஆரம்பிக்கின்றன. வாள்பயிற்சியில் மார்ட்டினின் வாள்முனைப் பொத்தான் கழன்றுவிடுகிறது. பாதையின் குறுக்கே கட்டிய கயிற்றில் குதிரை தடுக்கி விழுகிறது. அப்புறம் துப்பாக்கிக் குண்டு. எல்லாமே மார்ட்டினைக் கைகாட்டுகின்றன. செய்தது தியோ.

எங்க வட்டத்தில் நாலு பேர் இதைப் படித்திருக்கிறோம். நாலு பேருக்கும் நாலு குறை. ஒரு தோழி, "தியோ ரொம்ப நல்லவனா இருக்கான், அப்பவே தெரிஞ்சுடுச்சு" என்றார். வக்கீலாக இருக்கும் இன்னொருவர், "உன்னைக் கொல்லப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சும் ஒருத்தன்கிட்டயும் சொல்லாம இருக்கானே, அவன் என்ன மக்கா?" என்று கோபப்பட்டார். மூன்றாமவருக்கு ட்ரூசில்லாவை ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் கடைசி அத்தியாயத்தில் திடீர்னு காதல் வந்ததுதான் பிடிக்கவில்லை. என் குறையை மேலேயே சொல்லிவிட்டேன். இந்தப் புத்தகத்தைப் பற்றி வேறு யார் பேசினாலும் பெரும்பாலும் இதே குறைகள்தான் காதில் விழுகின்றன.

முதல் குறையை எடுத்துக்கொள்வோம். ஹேயருக்குத் துப்பறியும் கதை எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. தன் காலத்துப் பின்னணியில் 12 துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்றான 'டூப்ளிகேட் டெத்' வந்ததும் இதே 1951தான். (அந்த நாவல்களுக்குக் கதைக்கரு கொடுத்தது பாரிஸ்டரான அவர் கணவர் என்பது வாழ்க்கை வரலாற்றில் பதிவான விஷயம். ரிஜென்சி நாவல்களில் அவர் கைவைக்கவில்லை போல.) அப்புறம் ஏன் தியோ இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்கிறான்?

எனக்குத் தோன்றும் பதில், நாம் தமிழில் யோசிப்பதோடும் கொஞ்சம் சம்பந்தப்பட்டது. ஆங்கிலத்தில் தியோ வெறும் 'கசின்'. மாமா மகனும் கசின், அத்தை மகனும் கசின், சித்தப்பா மகனும் கசின். அந்த ஒரே சொல்லுக்குள் எல்லா உறவும் ஒளிந்துகொள்கிறது. நாம் படிக்கும்போது மனசு தானாகவே "இவன் யாரு, அப்பா வழியா அம்மா வழியா?" என்று கேட்கிறது. தியோ, ஜெர்வேஸின் அப்பாவுக்குத் தம்பி மகன். அதாவது பங்காளி. நம்ம ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டாலே பாதிப் பேருக்கு வரப்புத் தகராறு ஞாபகம் வந்துவிடும்.

இங்கிலாந்தின் பட்டமும் அதோடு கட்டுண்ட நிலமும் ஆண்வழியில்தான் இறங்கும். மூத்தவன் போனால் இளையவன், அவனும் போனால் சித்தப்பா மகன். ஜெர்வேஸ் செத்து, அந்தக் கொலைப்பழியும் மார்ட்டின் தலையில் விழுந்தால், தியோவுக்கு முன்னால் நிற்பவர்கள் இரண்டு பேரும் ஒரே அடியில் காலி. அதனால் மார்ட்டின் மேல் சந்தேகம் விழும்படி செய்வது வெறும் திசைதிருப்பல் இல்லை, அது திட்டத்திலேயே பாதி. இதை நான் முதல் தடவை கவனிக்கவே இல்லை.

ஹேயரின் மற்றக் கதைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன். 'ரிஜென்சி பக்'கில் தப்பு செய்பவன் பெர்னார்ட், அப்பாவின் தம்பி மகன், அதே குடும்பப் பெயர். 'தி டாலிஸ்மன் ரிங்' (1936), கதை நடப்பது 1793இல், கறாராகச் சொன்னால் ரிஜென்சி இல்லை. அதிலும் கொலைகாரன் அடுத்த வாரிசான பேசில், அதே குடும்பப் பெயர்தான். அந்தக் கதையில் இன்னொரு உறவுக்காரன் ட்ரிஸ்ட்ரம். அவன் குடும்பப் பெயர் வேறு, பட்டம் அவன் பக்கம் போக வழியே இல்லை. அவன் நல்லவன், நாயகர்களில் ஒருத்தன். ஆக, துப்புத் துலக்கத் தடயம் எல்லாம் வேண்டாம், வாரிசுப் பட்டியல் ஒன்று போதும். தோழி சொன்னது சரிதான், கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் அது எழுத்தாளரின் சோம்பல் என்று நான் நினைத்தது தப்பு. சொத்து ஒரே கோட்டில் இறங்கும் சமூகத்தில் கொலைக்கான காரணமும் அந்தக் கோட்டிலேயேதான் இருக்கும்.

இரண்டாவது குறைதான் எனக்கு முக்கியமானது. ஏன் ஜெர்வேஸ் வாயைத் திறக்கவில்லை?

1810களில் இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் இப்போது நாம் நினைக்கும் போலீஸ் கிடையாது. லண்டனுக்கே மெட்ரோபாலிட்டன் போலீஸ் வந்தது 1829இல். ஊருக்குள் இருந்தது சம்பளமில்லாத பாரிஷ் கான்ஸ்டபிளும், மாஜிஸ்ட்ரேட்டாக உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பெரிய மனுஷரும். ரொம்ப வேண்டுமென்றால் லண்டனிலிருந்து பணம் கொடுத்து பவ் ஸ்ட்ரீட் ஆட்களை வரவழைக்கலாம். 'தி டோல் கேட்' (1954) நாவலில் அப்படி ஒருவர் வந்து சுற்றுகிறார். எனவே விசாரிக்க ஆளில்லை என்பது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. 1803இல் எல்லன்பரோ பிரபுவின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. கொல்லும் எண்ணத்தோடு ஒருவரைச் சுட்டாலோ குத்தினாலோ, அவர் பிழைத்துக்கொண்டாலும் தண்டனை தூக்குதான். அதற்கு முன்னால் கொலைமுயற்சி அவ்வளவு பெரிய குற்றமாக எண்ணப்படவில்லை. இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கதையைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. குண்டு பட்ட பிறகு ஜெர்வேஸ் ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆள் தூக்கில் தொங்க வேண்டியதுதான். சந்தேகம் தம்பி மேல் இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் தம்பி சாவான். சரியாகச் சொன்னாலும் சின்ன வயசிலிருந்து கூட வளர்ந்த சித்தப்பா மகன் சாவான். இதற்கிடையில் மார்ட்டின் காணாமலும் போய்விட, பயந்து ஓடிட்டான்னு எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள்.

தலைப்பில் இருக்கும் அந்த 'அமைதி' எனக்கு இப்போதுதான் புரிந்தது. மென்மையாகப் பேசுகிறான், நன்றாக உடுத்துகிறான், பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கிறான் என்பதற்காக வைத்த பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். உயிர்போகும் ஆபத்திலும் ஒரு பெயரை உச்சரிக்காமல் இருப்பவன் என்பதும் அதில் இருக்கிறது. கடைசியில் தியோவை அவன் தனியாகப் போய்ச் சந்திக்கிறான், விஷயம் கோர்ட்டுக்குப் போகாமல் குடும்பத்துக்குள்ளேயே முடிகிறது. வக்கீல் நண்பரிடம் இதைச் சொன்னேன். "சட்டம் சரி, ஆனா ஒரு கொலைகாரனை சும்மா விட்டது சரியா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கும் அது உறுத்துகிறது. பெரிய இடத்துக் குற்றம் பெரிய இடத்துக்குள்ளேயே அமுங்கிப்போவதை ஹேயர் நியாயமான முடிவாகவே காட்டுகிறார். ஒரு வேலைக்காரன் பிரபுவைச் சுட்டிருந்தால் இந்த முடிவு கிடைத்திருக்குமா? நிச்சயமாகக் கிடைத்திருக்காது.

சரி, காதலுக்கு வருவோம். ட்ரூசில்லா அழகி இல்லை, குள்ளம், வயிறு நிறையச் சாப்பாடும் ஒழுங்கான வீடும் முக்கியம் என்று நினைப்பவள். அவள் அப்பா அம்மா புரட்சிகரச் சிந்தனையாளர்கள். 1794 வாக்கில் கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சதியும் அமெரிக்காவில் சஸ்குவேஹன்னா நதிக்கரையில் எல்லோரும் சமமாக வாழும் ஒரு குடியிருப்பு அமைக்கத் திட்டம் போட்டார்கள் (நிஜமாகவே போட்டார்கள், போகத்தான் இல்லை). மார்வில் தம்பதியை அந்தக் கூட்டத்தோடு ஹேயர் முடிச்சுப் போடுகிறார். பெற்றோர் உலகத்தை மாற்றிக்கொண்டிருந்ததால் சமையல்கட்டை யாராவது பார்க்க வேண்டியிருந்தது. ட்ரூசில்லா பார்த்தாள். ஹேயரின் நாயகிகளில் எனக்கு மிகவும் பிடித்தவர்களில் ஒருத்தி.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. குற்றத்துக்கு எப்படி மார்ட்டின் முன்னால் நிறுத்தப்படுகிறானோ, அதே மாதிரி காதலுக்கு மரியான் நிறுத்தப்படுகிறாள். ஊரில் உள்ள இளவட்டம் எல்லாம் அவள் பின்னால். ஜெர்வேஸும் கொஞ்சம் சிரித்துப் பேசுகிறான். நாமும் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கம், குதிரையிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடப்பவனைக் கண்டுபிடிப்பது ட்ரூசில்லா. குண்டு பட்டுக் கொண்டுவரும்போது கத்தாமல் ரத்தத்தை நிறுத்தும் வேலையைப் பார்ப்பது ட்ரூசில்லா. இதெல்லாம் வீட்டு வேலை மாதிரி, உணர்ச்சி இல்லாத குரலில் சொல்லப்படுவதால் நாம் காதலாக எண்ணுவதில்லை. துப்பறியும் கதைக்காரர்கள் முக்கியமான தடயத்தைச் சாப்பாட்டு மேசைப் பேச்சுக்கு நடுவில் போட்டுவிட்டுப் போவார்களே, அந்த வித்தைதான். கொலைகாரனைக் கண்டுபிடிக்கச் சவால் எதுவும் வைக்காதவர், காதலைத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்.

அதற்காக மூன்றாமவரின் குறை அடிபட்டுப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ட்ரூசில்லாவின் மனசு நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஜெர்வேஸ் எப்போது மாறினான் என்பதற்கு நான் திரும்பத் தேடியும் கைக்கு வந்தது ரொம்பக் கொஞ்சம். நல்ல துப்பறியும் கதையில் இரண்டாம் வாசிப்பில் தடயங்கள் வரிசையாகக் கண்ணில் பட வேண்டும். இங்கே அவள் பக்கம் படுகின்றன, அவன் பக்கம் படவில்லை. நடுவில் வரும் விருந்து, நடனம், மரியான் வீட்டுப் போக்குவரத்து எல்லாவற்றிலும் முப்பது பக்கம் குறைத்து, அவர்கள் இருவருக்கும் இன்னும் ஒரு உரையாடல் கொடுத்திருக்கலாம். ஆரம்பமும் மெதுவாகத்தான் போகிறது. கோட்டையின் அறைகளும் சித்தியின் நீண்ட பேச்சுகளும் தாண்டிப் போகப் பொறுமை வேண்டும். ஆனால் முதல் இரவு விருந்தில், எதிரில் இருப்பவரையே மறைக்கும் அந்தப் பூதாகாரமான வெள்ளி அலங்காரத்தை மேசையிலிருந்து ஜெர்வேஸ் எடுக்கச் சொல்ல, சித்தி முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதற்காகவே முதல் அத்தியாயத்தைச் சகித்துக்கொள்ளலாம்.

நான் தடுத்துவிட்ட அந்த ரெண்டு பேருக்கும் என் பிரதியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒருவர் ஐந்தாவது அத்தியாயத்தில் இருக்கிறாராம். "தியோ தங்கமான பையன்பா" என்று நேற்று மெசேஜ் வந்தது. நான் ஒன்றும் பதில் போடவில்லை.