ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் ஓடவில்லையா?

கொல்கத்தா என்றதும் பலருக்கு மஞ்சள் டாக்சிதான் நினைவுக்கு வரும். முன்பு ஹௌரா ரயில் நிலையத்துக்கு வெளியே அம்பாசடர் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. அந்தக் கார்கள் பக்கத்திலேயே, ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் தயாராயின. இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்ற கம்பெனி அவற்றைச் செய்தது. 2014 மே மாதம் அந்தத் தொழிற்சாலை நின்றுபோனது.

15 ஆண்டுக்கு மேல் ஆன வாடகை வண்டிகளை நகரத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-இல் உத்தரவிட்டது. அம்பாசடர் டாக்சிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. அவற்றின் இடத்துக்குப் புதிய கார்கள் வந்தன.

ஓட்டுநர் அதே ஓட்டுநர். தெருவும் அதே தெரு. ஆனால் காருக்குள் பெரிய மாற்றம் நடந்துவிட்டது. பழைய காரில் பழுது வந்தால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புதிய காரில் பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பி போனது, வயர் வந்தது

எஞ்சின் ஓட எரிபொருள் வேண்டும். காற்றும் வேண்டும். அடுப்பு எரியக் காற்று வேண்டும் அல்லவா? அதுபோலத்தான்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று ஒரு குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாயின் நடுவில் ஒரு வட்டமான தகடு இருக்கும். அது கதவு போலத் திறக்கும், மூடும். இதற்குத்தான் த்ராட்டில் என்று பெயர். தகடு அதிகமாகத் திறந்தால் காற்று அதிகம் போகும். கார் வேகம் எடுக்கும். தகடு மூடினால் வேகம் குறையும்.

பழைய பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டருக்கும் இந்தத் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது. காலால் மிதித்தால் கம்பி இழுக்கும். தகடு திறக்கும். கிணற்றில் கயிற்றை இழுத்தால் வாளி மேலே வருவது போல. கம்பி அறுந்தால் மாற்றினார்கள். இறுகிப்போனால் எண்ணெய் விட்டார்கள். செலவு கொஞ்சம்தான்.

புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் கம்பி கிடையாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகடு நேராகத் திறப்பதில்லை. நடப்பது இதுதான்:

1. ஆக்சிலரேட்டரில் சென்சார் என்ற கருவி இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது அளக்கிறது.

2. அந்த அளவு மின்சாரமாக வயர் வழியே ஒரு சிறு கம்ப்யூட்டருக்குப் போகிறது. இதை மெக்கானிக்குகள் ஈ.சி.எம். அல்லது ஈ.சி.யூ. என்பார்கள். இது காரின் மூளை.

3. தகட்டை எவ்வளவு திறக்கலாம் என்று மூளை கணக்குப் போடுகிறது.

4. த்ராட்டிலில் உள்ள சிறு மோட்டாருக்கு உத்தரவு போகிறது. மோட்டார் தகட்டைத் திருப்புகிறது.

5. தகடு சொன்னபடி திறந்ததா என்று அங்கே உள்ள சென்சார் பார்த்து மூளைக்குச் சொல்கிறது.

இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

ஏன் இப்படி மாற்றினார்கள்? எரிபொருளை அளந்து செலவு செய்யலாம். புகையைக் குறைக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 என்ற கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தது. இந்த விதிக்கு உட்பட்டு ஓட, காற்றையும் பெட்ரோலையும் கம்ப்யூட்டர் அளந்து கொடுப்பது உதவுகிறது.

இரண்டு சாட்சிகள்

ஆக்சிலரேட்டரில் ஒரு சென்சார் மட்டும் இருப்பதில்லை. இரண்டு இருக்கும். த்ராட்டிலிலும் இரண்டு இருக்கும். ஏன்?

ஒரு வழக்கில் ஒரே ஒரு சாட்சி இருந்தால், அவர் தவறாகச் சொன்னாலும் தெரியாது. இரண்டு சாட்சிகள் இருந்தால் ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வதோடு ஒப்பிடலாம். காரின் மூளை அதைத்தான் செய்கிறது.

பல கார்களில் ஆக்சிலரேட்டரின் முதல் சென்சார் காட்டும் வோல்ட், இரண்டாவது காட்டுவதைப் போல இரு மடங்கு இருக்கும். ஒன்று 2 வோல்ட் என்றால் மற்றது 1 வோல்ட். ஒன்று 4 என்றால் மற்றது 2. இந்தக் கணக்கு தவறினால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று மூளை தெரிந்துகொள்ளும்.

அப்போது மூளை ஆபத்தைத் தவிர்க்கப் பார்க்கும். தவறான சென்சாரை நம்பித் தகட்டை முழுதும் திறந்துவிட்டால் கார் தறிகெட்டு ஓடும் அல்லவா? அதனால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும், அல்லது வேகத்துக்கு வரம்பு போட்டுவிடும். மின்சாரம் நின்றால் தகட்டை ஒரு ஸ்பிரிங் கொஞ்சமாகத் திறந்த நிலையில் பிடித்துவைக்கும். கார் நின்றுவிடாது. ஆனால் மெதுவாக நகரும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது. மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோடு என்பார்கள். நொண்டி நடப்பது என்று பொருள்.

ஆகவே கார் நொண்டினால் எஞ்சின் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கார் தன்னையும் உள்ளே இருப்பவர்களையும் காப்பாற்றிக்கொள்கிறது.

அடையாளங்கள் என்ன?

* மீட்டர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும்.
* மிதித்தாலும் பிக்கப் இருக்காது.
* சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஏறி ஏறி இறங்கும், அல்லது அணைந்துவிடும்.
* சில நேரம் சரியாக ஓடும். குழியில் குலுங்கியதும் கோளாறு வரும்.

கடைசியில் சொன்னது முக்கியம். குலுங்கும்போது மட்டும் கோளாறு வந்தால், வயரோ சாக்கெட்டோ தளர்ந்திருக்கலாம்.

நடுவழியில் கோளாறு வந்தால்

பார்க் சர்க்கஸுக்கும் ஈ.எம். பைபாஸுக்கும் நடுவே 'மா' மேம்பாலம் இருக்கிறது. 2015-இல் திறந்தது. அதன் நடுவில் கார் திடீரென்று நொண்டினால் என்ன செய்வது? பின்னால் வண்டிகள் வேகமாக வரும்.

முதலில் நான்கு இண்டிகேட்டரையும் போட வேண்டும். மெல்ல இடது ஓரம் ஒதுங்க வேண்டும். முடிந்தால் பாலத்தை விட்டு இறங்கிவிடுவது நல்லது. ஓடும்போது சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கும் கடினமாகிவிடும்.

ஓரமாக நின்ற பிறகு சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எடுக்கலாம். சில நேரம் கார் பழையபடி ஓடும். ஆனால் பழுது போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அது மறுபடி வரும்.

தேடும் வரிசை

ஓர் ஓட்டுநர் கடன் வாங்கி டாக்சி வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நொண்டுகிறது. அவர் ஒரு பட்டறைக்குப் போகிறார்.

"த்ராட்டில் போய்விட்டது தாதா. புதிது போட வேண்டும்" என்கிறார் மெக்கானிக்.

பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. மூன்று நாள் வண்டி ஓடவில்லை. மாதத் தவணை நிற்கிறது. நான்காம் நாள் அதே கோளாறு திரும்புகிறது. உண்மையில் பழுதானது ஆக்சிலரேட்டர் சாக்கெட்டில் பச்சை பிடித்த ஒரு பின் மட்டும்தான்!

இப்படி நடக்காமல் இருக்க, செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். செலவு உள்ளதைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

முதலாவது: கால் மிதியடி. விரிப்பு நகர்ந்து ஆக்சிலரேட்டருக்கு அடியில் சிக்கியிருக்கிறதா?

இரண்டாவது: பேட்டரி. எஞ்சின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்கும். மின்சாரம் குறைந்தால் மூளைக்கே கணக்குத் தவறும்.

மூன்றாவது: பழுது எண். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. மெக்கானிக் அதில் ஸ்கேனரைச் செருகினால் பழுது எண் தெரியும். எண்ணை அழிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சில எண்களின் பொருள் இது:

பி 2138 – ஆக்சிலரேட்டரின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை.

பி 2135 – பெரும்பாலும் த்ராட்டிலின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை.

பி 0122 – த்ராட்டில் சென்சாரின் வோல்ட் மிகவும் குறைவு.

பி 0123 – அதே வோல்ட் மிகவும் அதிகம்.

பி 2111 – தகடு திறந்தபடி சிக்கியுள்ளது.

பி 2112 – தகடு மூடியபடி சிக்கியுள்ளது.

எண் சொல்வது பழுது எந்தப் பக்கம் என்பதை மட்டுமே. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. தெருப் பெயர் தெரிந்தால் வீடு தெரிந்துவிடுமா? தேட வேண்டும். பி 2138 வந்தால் சென்சார் கெட்டிருக்கலாம். வயர் அறுந்திருக்கலாம். சாக்கெட் துருப்பிடித்திருக்கலாம்.

நான்காவது: சாக்கெட்டும் வயரும். சாவியை எடுத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பின் வளைந்திருக்கிறதா? பச்சை பிடித்திருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா?

ஐந்தாவது: ஓடும் கணக்கு. எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் போட்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். ஸ்கேனரில் எண்கள் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் துள்ளினாலோ விழுந்தாலோ அங்கே கோளாறு இருக்கிறது. இப்படிப் பார்க்கும்போதே ஒருவர் வயரை அசைத்துப் பார்க்கலாம். அசைக்கும்போது எண் துள்ளினால் குற்றவாளி வயர்தான்.

ஆறாவது: மின்சாரம் வருகிறதா? பெரும்பாலான சென்சார்களுக்கு மூளையிலிருந்து 5 வோல்ட் வர வேண்டும். மல்டிமீட்டரால் அளக்கலாம். அது வராவிட்டால் புதிய சென்சார் போட்டும் பயன் இல்லை.

ஏழாவது: தகட்டில் கரி. கரி படிந்தால் தகடு ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் பல கார்கள் சரியாகிவிடும்.

இவை எல்லாம் பார்த்த பிறகும் கோளாறு இருந்தால்தான் பொருளை மாற்ற வேண்டும்.

மழையும் பழுதும்

கொல்கத்தாவில் பெருமழை பெய்தால் தண்டனியா, ஆம்ஹர்ஸ்ட் தெரு போன்ற இடங்களில் தண்ணீர் தேங்கும். அதில் காரை ஓட்டினால் உள்ளே தண்ணீர் வரலாம். ஆக்சிலரேட்டர் சென்சார் ஓட்டுநரின் காலடியிலேயே இருக்கிறது. அது நனைந்தால் அன்றே கோளாறு வர வேண்டும் என்பதில்லை. சாக்கெட் மெல்லத் துருப்பிடித்து, சில வாரம் கழித்தும் வரலாம். எனவே கார் தண்ணீரில் போயிருந்தால் அதை மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். சென்னை, கடலூர் ஓட்டுநர்களுக்கும் இது பொருந்தும்.

எச்சரிக்கை!

* சாவி போட்டிருக்கும்போது த்ராட்டிலுக்குள் விரலை விடக் கூடாது. மோட்டார் திடீரென்று தகட்டை மூடும். விரல் நசுங்கும்.
* தகட்டைக் கையால் பலமாகத் தள்ளக் கூடாது. உள்ளே உள்ள பல்சக்கரம் உடையும்.
* உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. இதற்கென்று உள்ள திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும்.
* துடைத்த பிறகு எஞ்சின் அதிகமாக உறுமலாம். கரி இருந்த காலத்துக் கணக்கு மூளையில் பதிந்திருக்கும். சில கார்கள் தானாகப் புதுக் கணக்குக் கற்றுக்கொள்ளும். சில கார்களுக்கு ஸ்கேனரால் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பழைய பொருள் வாங்கலாமா?

பார்க் தெருவுக்கு அருகில் மல்லிக் பஜார் என்ற சந்தை இருக்கிறது. கார் உதிரிப் பொருள்களுக்குப் பேர் போன இடம். பழைய பொருளும் கிடைக்கும். ஆனால் த்ராட்டிலை உருவம் பார்த்து வாங்கக் கூடாது. பார்க்க ஒன்று போலவே இருக்கும். பொருளின் மேல் உள்ள எண் வேறாக இருக்கும். எண் மாறினால் சென்சார் காட்டும் கணக்கும் மாறலாம். பழைய பொருளைக் கையோடு கொண்டுபோய், இரண்டு எண்களையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் படித்து வாங்க வேண்டும்.

கார் மாறிவிட்டது. மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். "என்ன மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "என்ன எண் வந்தது? வயரைப் பார்த்தீர்களா?" என்று கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தாளில் எழுதியே கொடுப்பார்.

படித்ததைச் சிந்திப்போம்

1. ஆக்சிலரேட்டரில் ஏன் இரண்டு சென்சார்கள் உள்ளன?
2. கார் நொண்டினால் ஓட்டுநர் முதலில் செய்ய வேண்டியது என்ன?
3. பழுது எண் தெரிந்த உடனே பொருளை மாற்றலாமா? ஏன்?
4. உங்கள் ஊரில் கார் ஓட்டும் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவருடைய அனுபவத்தைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.