கட்டளைக்கும் மனசாட்சிக்கும் நடுவே

கொடுஞ்செயல் ஒன்றைக் கேள்விப்பட்டால் 'மிருகத்தனம்' என்கிறோம். செய்தவன் மனிதனே அல்லன் என்று ஒதுக்கிவிட்டால், அவனுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று அமைதி கொள்ளலாம். அந்த அமைதிக்கு நமக்கு உரிமையில்லை என்றே நான் கருதுகிறேன். வியட்நாமில் 1968 மார்ச் 16 அன்று நடந்தது அதற்குச் சான்று.

அன்று காலை சோன் மை என்ற கிராமத்துக்குள் அமெரிக்கத் தரைப்படையினர் நுழைந்தனர். எதிரிப் படை அங்கிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அங்கே கண்டதோ பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும். ஆயினும் சில மணி நேரத்தில், வியட்நாம் அரசின் கணக்குப்படி, 504 பேர் கொல்லப்பட்டனர். மை லாய் படுகொலை என்று உலகம் அறிவது இதைத்தான்.

கொன்றவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய சாதாரண இளைஞர்கள். கண்ணிவெடிகளில் தோழர்களை இழந்த சினம், வியட்நாமியரை இழிபெயரால் சுட்டிய படைமுகாம் பேச்சு, பிணங்களின் எண்ணிக்கையை வெற்றியின் அளவுகோலாக்கிய போர்முறை, இவற்றுக்கெல்லாம் மேலாகக் கட்டளை ஆகியவை அவர்களை அந்நிலைக்குக் கொண்டுவந்தன.

அதே ராணுவத்தைச் சேர்ந்த 24 வயது ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், அன்று அப்பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்தார். காயம்பட்டோருக்கு உதவி கிடைக்கட்டும் என்று, அவர்கள் கிடந்த இடங்களைப் புகைக்குண்டால் அடையாளம் காட்டினார். திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் கொல்லப்பட்டிருந்தனர். பின்னர், பதுங்குகுழியில் ஒளிந்திருந்த ஊர்மக்களைப் படையினர் நெருங்குவதைக் கண்டு, இரு தரப்புக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். இம்மக்களை நம் வீரர்கள் சுட்டால், அவர்களை நோக்கிச் சுடுங்கள் என்று தம் குழுவினரான கிளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் ஆகியோரிடம் கூறிவிட்டு, மக்களை வெளியே அழைத்துக் காப்பாற்றினார். பிணங்கள் நிறைந்த வாய்க்காலில் இறங்கிய ஆண்ட்ரியோட்டா, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். தளம் திரும்பியதும் தாம்சன் மேலதிகாரிகளிடம் முறையிட்டார். அதன்பின் தாக்குதல் நிறுத்தப்பட்டது.

மேலே இருந்ததால் அவருக்குத் தெளிவு இருந்தது என்று சிலர் கூறலாம். ஆனால், தரையில் நின்றவர்களிலும் சுட மறுத்தோர் இருந்தனர். அணிந்த சீருடையும் பெற்ற பயிற்சியும் எல்லோருக்கும் ஒன்றுதான். எதிரே நிற்பவர் யார் என்ற கேள்வியைச் சிலர் கைவிடவில்லை. மற்றவர்கள் அதைக் கட்டளையிட்டவரிடம் ஒப்படைத்துவிட்டனர். மனிதத்தன்மையின் எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனைகளும் இதையே உணர்த்துகின்றன. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்குமாறு பணிக்கப்பட்ட 40 பேரில் 26 பேர், 450 வோல்ட் என்ற உச்சம்வரை சென்றனர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால், உடனிருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, இறுதிவரை சென்றவர்கள் 40 பேரில் நால்வர் மட்டுமே. ஒருவரின் மறுப்பு மற்றவரின் மனசாட்சிக்கும் வழி திறக்கிறது.

ஆனால், மறுப்பவரைச் சமூகம் எப்படி நடத்துகிறது? மை லாய் வழக்கில் தண்டிக்கப்பட்டவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவரே. ஆயுள் தண்டனை பெற்ற அவர், சில ஆண்டுகள் வீட்டுக்காவலில் இருந்து விடுதலையானார். தாம்சனுக்கோ கொலை மிரட்டல்கள் வந்தன. மக்களைக் காத்த துணிவுக்கான உரிய பதக்கம் 1998-இல், முப்பது ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

கீழ்ப்படிதலை நாம் பள்ளி முதல் பணியிடம் வரை போற்றுகிறோம். ஒழுங்குக்கு அது தேவைதான். ஆனால், 'இது தவறு, செய்யமாட்டேன்' என்று சொல்வதையும் ஒரு பண்பாகக் கற்பிக்க வேண்டும். சிறிய அநீதிகளுக்கு மறுப்புச் சொல்லிப் பழகாத நாக்கு, பெரிய அநீதியின் முன் திடீரென்று பேசிவிடாது.