இன்வாய்ஸ் விலையை நம்பலாமா? கஸ்டம்ஸ் போடும் கணக்கு

சென்னையில ஒரு சின்ன வியாபாரி, ஷென்ஜென்ல இருந்து எல்.இ.டி. விளக்கு இறக்குறார்னு வச்சுக்கோங்க. இன்வாய்ஸ்ல விளக்கு ஒன்னுக்கு 2 டாலர். கஸ்டம்ஸ் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "இதே மாதிரி விளக்கு போன மாசம் 3 டாலருக்கு வந்திருக்கே?"ன்னு கேக்குறார். இப்போ வரியை எந்த விலைக்குப் போடுறது?

இறக்குமதி வரி பெரும்பாலும் பொருளோட மதிப்புல இத்தனை சதவீதம்னுதான் கணக்காகுது. மதிப்பைக் குறைச்சுக் காட்டினா வரியும் குறையும். வரி விகிதமே சொற்பமா இருக்கிற பணக்கார நாட்டுல அப்படிப் பொய் சொல்லி பெருசா மிச்சம் பிடிக்க முடியாது. வரி அதிகமா இருக்கிற வளரும் நாடுகளுக்குத்தான் இது தலைவலி.

1995-ல உலக வர்த்தக அமைப்போட சேர்ந்து வந்த சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் சொல்றது இதுதான்: வாங்கினவர் நிஜமா கொடுத்த விலைதான் முதல் அடிப்படை. 'இந்தப் பொருளுக்குக் குறைஞ்சபட்சம் இவ்வளவு'ன்னு அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு விலையை எழுதி வச்சுக்க முடியாது. நியாயமான விதிதான். ஆனா இன்வாய்ஸ் பொய்யா இருந்தா? வளரும் நாடுகள் வற்புறுத்தினதால, சந்தேகம் வந்தா விளக்கம் கேக்கலாம், அப்பவும் தீரலைன்னா அந்த விலையை நிராகரிக்கலாம்னு ஒரு முடிவும் எடுத்தாங்க. இந்தியாவில 2007 மதிப்பீட்டு விதிகள்ல 12-ஆவது விதி அதுதான்.

சிக்கலே அந்த 'சந்தேகம்'ங்கிற வார்த்தையிலதான். அதிகாரி கையில இருக்கிறது நாடு முழுக்க நடந்த இறக்குமதிகளோட டேட்டாபேஸ். அதுல 'எல்.இ.டி. விளக்கு'ன்னு இருக்கும். தரம் என்ன, 500 வாங்கினாரா 50,000 வாங்கினாரா, பழைய ஸ்டாக்கான்னு பல நேரம் அதைப் பார்த்து முடிவு பண்ண முடியாது.

பழைய ஸ்டாக் ஒன்னும் கற்பனை இல்ல. ஐஷர் டிராக்டர்ஸ் வழக்கு ஞாபகம் வருது. ஜப்பான்ல இருந்து வந்த பேரிங்குகள், விலைப்பட்டியல்ல இருந்து 77 சதவீதம் தள்ளுபடி! கஸ்டம்ஸ் ஏத்துக்கல. 2000-ல உச்ச நீதிமன்றம், பழைய சரக்கைத் தள்ளிவிட விலை குறைக்கிறது சாதாரண வியாபாரம்தான், தள்ளுபடி பெருசா இருக்குங்கிறதுக்காக மட்டும் விலையை நிராகரிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

ஆனா கோர்ட்டுக்குப் போற வரைக்கும் கன்டெய்னர் சும்மா நிக்காது பாருங்க. டெமரேஜ் ஏறிக்கிட்டே இருக்கும். தற்காலிக மதிப்பீட்டுல சரக்கை எடுக்கலாம், அதுக்கு பாண்டு, பல நேரம் பேங்க் கியாரன்டி. சின்ன வியாபாரிக்கு அந்தப் பணம் முடங்கினாலே கடை ஆடிப்போயிடும். அதனால "நீங்க சொல்ற மதிப்பே சரி"ன்னு கையெழுத்துப் போட்டுட்டு சரக்கை எடுத்துட்டுப் போறவங்க உண்டு. அலுமினியம் ஸ்கிராப் இறக்குமதியாளர்கள் இதே புகாரோட உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2019 தீர்ப்புல, சந்தேகத்துக்கு அதிகாரி சரியான காரணம் காட்டணும்னு கோர்ட் சொன்னது.

இதுல இன்னொரு வம்பு இருக்கு. அப்படி ஏத்தின மதிப்பும் டேட்டாபேஸுக்குள்ள போகும். நாளைக்கு அடுத்த வியாபாரிக்கு அதையே ஆதாரமா காட்டலாம்.

அதிகாரி பக்கமும் பேசணும். ரெண்டு இன்வாய்ஸ் அடிச்சு, மிச்சத்தை வேற வழியில அனுப்புற ஆட்களும் நிஜம்தான். அதைப் பிடிக்க நல்ல வழி, ஏற்றுமதி பண்ண நாட்டுல என்ன விலை காட்டினாங்கன்னு கேக்குறது. 2001 தோஹா மாநாட்டுலயே இதுக்கு ஒத்துழைக்கணும்னு முடிவாச்சு. 2017-ல அமலுக்கு வந்த வர்த்தக வசதி ஒப்பந்தத்துலயும் அதுக்கு வழி இருக்கு. ஆனா கேக்குற நாடு முதல்ல தானே சரிபார்த்திருக்கணும், பதில் தர வேண்டிய நாட்டுக்கு மறுக்கவும் சில காரணங்கள் உண்டு. பதில் வர்ற வேகத்துக்கும் துறைமுகத்துல கன்டெய்னர் காத்திருக்கிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல. அதனால அதிகாரி திரும்பவும் அந்த டேட்டாபேஸைத்தான் திறக்குறார்.