இரண்டு ரயில்களுக்கு நடுவே ஒரு பகல்

கோடை விடுமுறைக்கு ஊர் போகும் நம் தில்லித் தமிழர்களில் பெரும்பாலோருக்குச் சென்னை என்பது ஊர் அல்ல, ஒரு காத்திருப்பு. காலையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்ட்ரலில் இறங்குகிறோம். மதுரைக்கோ நெல்லைக்கோ போகும் வண்டி இரவில்தான். நடுவே உள்ள பகல் முழுவதும் எழும்பூரில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, பெட்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் என் மனைவியும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் செய்தோம். என் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது யாரோ, "நீ மதராசி ஆயிற்றே, மதராஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்களாம். "ஒரு பெரிய ஃபேன் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போன ஜூன் மாதம் ஒன்பது வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு போனபோது அந்தப் பகலை வீணாக்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதன் விவரம்தான் இது. பிறருக்கும் பயன்படலாம்.

முதலில் சாமான். நிலையத்தின் க்ளோக் ரூமில் பெட்டிகளை வைத்துவிடலாம். ஆனால் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். ஆகவே தில்லியிலிருந்தே பூட்டு கொண்டு போங்கள். இரவு வண்டி எழும்பூரிலிருந்தா, தாம்பரத்திலிருந்தா என்று டிக்கெட்டில் ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். சில வண்டிகள் தாம்பரத்தில் புறப்படுகின்றன. கடைசி நேரத்தில் தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் இப்போது மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே. ஆட்டோக்காரரிடம் வாதாடிய அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டேன்.

குளித்துச் சாப்பிட்டு ஒன்பதரைக்கு அருங்காட்சியகம். எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வெயில் ஏறிவிட்டால் ஆட்டோ. 1851-ல் தொடங்கப்பட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முழுவதையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்கு நேரே போங்கள். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டும் சோழர் காலத்தவை. கோயிலில் பட்டும் மாலையும் மறைத்த திருமேனியையே பார்த்துப் பழகிய நமக்கு, விரல் நகம் வரை தெரிய நிற்கும் சிலை வேறு அனுபவம். பேத்தி நடராசரைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒத்தக் காலிலேயே நிக்கறாரே, வலிக்காதா தாத்தா?" என்றாள். பதில் தெரியவில்லை. நேரம் இருந்தால் அமராவதிச் சிற்பங்களையும் பார்க்கலாம். அதே வளாகத்தில்தான் 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம்.

மதியம் இலைச் சாப்பாடு. சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் எங்கும் கிளம்பாதீர்கள். சென்னை வெயில் தில்லி வெயிலைப் போல் காய்ச்சாது, வேக வைக்கும். டிசம்பரில் போகிறவர்கள் வெயிலுக்குப் பதில் குடையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றரைக்குத் திருவல்லிக்கேணி. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. என் மனைவிக்கும் பேத்திக்கும் இலவசம், எனக்கு மட்டும் காசு. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் தமிழில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கெஞ்சிக் கூத்தாடி எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அன்றுதான் வேலைக்கு வந்தது. "தி... ரு... வ... ல்..." என்று அவள் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் இரண்டு பேருந்துகள் போய்விட்டன. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறினோம்.

கோயில் நடை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். அதுவரை அருகிலேயே பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம். 1993-ல் அரசு அதை வாங்கி நினைவில்லமாக்கியது. 1921-ல் அவர் இறந்ததும் அங்கேதான். கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் போனவரை அது தள்ளிவிட்ட கதையைச் சொன்னால் குழந்தைகள் கோயிலுக்குள் யானையைத்தான் முதலில் தேடுவார்கள். பார்த்தசாரதிப் பெருமாளைப் பற்றித் தில்லிக் குழந்தைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. உற்சவர் முகத்தில் இருக்கும் தழும்புகள் பீஷ்மர் விட்ட அம்புகள் பட்டவை என்பது ஐதிகம். பள்ளிச் சுற்றுலாவில் குருக்ஷேத்திரம் போய் வந்தவள் பேத்தி. "அங்கே பட்ட அடியா, இங்கே வந்து தெரியறது?" என்று மீசை வைத்த பெருமாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மெரினா. கடலில் கால் நனைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பார்வைக்கு அமைதியாக இருந்தாலும் ஆளை இழுக்கும் கடல் அது. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் வாங்கிக்கொண்டு, மணலைவிடச் சாலையோரச் சிலைகளைப் பார்த்து நடங்கள். பல சிலைகள் 1968-ல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது வைக்கப்பட்டவை. சிலம்பை உயர்த்தி நிற்கும் கண்ணகி 2001-ல் அகற்றப்பட்டு, 2006-ல் மறுபடி அதே கடற்கரைக்கு வந்தாள். கதையை ரயிலிலேயே சொல்லி வைத்திருந்தால் குழந்தைகளே அடையாளம் கண்டுகொள்வார்கள். பேத்தியை நிறுத்தியவர்கள் ஆனால் வேறு இருவர். இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவர். குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்.

"வெளிநாட்டுக்காரரா? தமிழ் எழுதப் படிக்க வருமா?"

"நன்றாக வரும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிலைக்கடியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

எட்டு மணிக்குள் எழும்பூர் திரும்பிவிடுங்கள். சாமான் எடுக்க, சாப்பிட, நடைமேடை தேட நேரம் வேண்டும். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் பேத்தி தன் அப்பாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நடராசர், தழும்பு, சுண்டல், போப். மறுமுனையில் வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு மகன் என்னைக் கூப்பிடச் சொன்னான். எப்போதும் மதுரைக்கு விமானத்தில் போகிறவன், "அடுத்த தடவை நானும் ரயிலிலேயே வரேன்பா, அந்தப் பகலுக்காக" என்றான்.

டிசம்பருக்கு நான்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சென்ட்ரலில் இறங்கும் நாள் வெள்ளிக்கிழமை இல்லை என்று பார்த்துத்தான் எடுத்தேன்.