அணிதலைக் குறிக்கும் ஜப்பானிய வினைச்சொற்கள்

உடை, காலணி, தொப்பி, கண்ணாடி, நகை ஆகிய அனைத்தையும் அணிவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘வேர்’ என்னும் ஒரே வினை போதும். ஜப்பானிய மொழியில் அதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. அணியும் பொருளும் உடலின் பகுதியும் மாறினால் வினையும் மாறும். ஆங்கில அகராதியில் முதலில் காணும் சொல்லையே எல்லா இடத்திலும் இட்டால் பிழை நேரும். தமிழ் வழியாக யோசிக்கும் மாணவருக்கு இது அவ்வளவு கடினமன்று.

கொடைக்கானலில் ஒரு காலை

பழனி மலையில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது கொடைக்கானல். அங்கு மார்கழிக் காலையில் வெளியே புறப்படும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அணிபவற்றை ஜப்பானிய மொழியில் சொல்ல இத்தனை வினைகள் வேண்டும்:

• கிரு – ஸ்வெட்டர், சட்டை, கோட்டு. உடல் முழுவதையும் மறைக்கும் கிமோனோ, புடவை.
• ஹகு – கால்சட்டை, பாவாடை, காலுறை, காலணி. இடுப்புக்குக் கீழே அணிபவை.
• கபுரு – குல்லா, தொப்பி, தலைக்கவசம். தலையில் அணிபவை.
• மகு – மஃப்ளர். கழுத்தைச் சுற்றுவது.
• ஹமெரு – கையுறை, மோதிரம். விரலைப் பொருத்தி நுழைப்பவை.
• ககெரு – மூக்குக்கண்ணாடி.
• ஷிமெரு – இடைவார், கழுத்துப்பட்டி. இறுக்கிக் கட்டுபவை.
• த்சுகெரு – தோடு, சட்டையில் குத்தும் சின்னம் முதலியவை.

‘செய்’ என்று பொருள்படும் ‘சுரு’ என்ற வினையும் உண்டு. கைக்கடிகாரம், முகக்கவசம், கழுத்துப்பட்டி போன்ற துணைப்பொருள்களுக்கு அது பொதுவாக வழங்குகிறது. ஆனால் சட்டைக்கும் காலணிக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

தமிழோடு ஒப்பீடு

தமிழிலும் புடவையை உடுத்துகிறோம் அல்லது கட்டுகிறோம்; சால்வையைப் போர்த்துகிறோம்; கண்ணாடியை மாட்டுகிறோம்; பூவைச் சூடுகிறோம். பொருளுக்கு ஏற்ப வினையை மாற்றும் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் வினைகள் பெரும்பாலும் அணியும் முறையைப் பார்க்கின்றன. ஜப்பானிய மொழியில் கிரு, ஹகு, கபுரு மூன்றும் உடலின் பகுதியைப் பார்க்கின்றன. அதனால் நாம் ‘கட்டும்’ புடவை அங்கே ‘கிரு’ ஆகிறது.

பேச்சுத் தமிழில் சட்டை, செருப்பு, கண்ணாடி, மோதிரம் எல்லாவற்றுக்கும் ‘போடு’ என்றே சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு ஜப்பானிய மொழிக்குள் போனால், ஆங்கிலம் தரும் அதே குழப்பம் இங்கும் வரும்.

செயலும் நிலையும்

‘கிரு’ என்பது அணியும் செயலைக் குறிக்கும். ஏற்கெனவே அணிந்திருக்கும் நிலையைச் சொல்ல ‘கிதெ இரு’ என்பர். ‘அணிகிறார்’, ‘அணிந்திருக்கிறார்’ என்று நாம் வேறுபடுத்துவது போன்றதே இது. வினையெச்சத்தோடு துணைவினை சேரும் அமைப்பும் ஒத்திருக்கிறது.

இரு மொழியிலும் ‘இரு’ என்றே ஒலிப்பது கண்டு இரண்டும் ஒரே சொல் என முடிவுகட்ட வேண்டாம். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ (1919–2008) வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அமைப்பு ஒற்றுமை கற்பவருக்கு உதவும் என்பதில் ஐயமில்லை.

ஒலிப்பிலும் கவனம் வேண்டும். ‘கிதெ’ என்பதை ‘கித்தெ’ என்று இரட்டித்தால் ‘வெட்டி’ என்று பொருள் மாறிவிடும். ‘வெட்டு’ என்பதற்கான வினையும் ‘கிரு’ என்றே ஒலிப்பதுதான் காரணம். ஹகு, மகு, ககெரு, த்சுகெரு ஆகியவற்றின் நடுவில் வரும் ககரத்தை, இரட்டிக்காமல், ‘கல்’ என்பதன் முதலெழுத்தைப் போல் வல்லோசையுடன் ஒலிக்க வேண்டும்.

கழற்றும்போது

தமிழில் சட்டை, செருப்பு, மோதிரம், கண்ணாடி எதையும் ‘கழற்று’ என்று சொல்லலாம். ஜப்பானிய மொழியில் இது இரண்டாகப் பிரிகிறது. கிரு, ஹகு, கபுரு ஆகியவற்றால் அணிந்தவற்றுக்கு ‘நுகு’ (ககரம் ‘பகல்’ என்பதில் போல மெல்லோசை). கண்ணாடி, மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றுக்கு ‘ஹஸுஸு’. நம்மைப் போலவே ஜப்பானியரும் வீட்டுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுவர். ஆகவே அங்கே செல்பவர் முதல் நாளிலேயே கேட்கக்கூடிய வினைகளுள் ‘நுகு’ ஒன்று.

கற்கும் முறை

சென்னையிலும் நடைபெறும் ஜே.எல்.பி.டி. தேர்வில் 2010 முதல் ஐந்து நிலைகள் உள்ளன. அதில் வினாக்கள் கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையின. பொருள் தெரிந்திருந்தும் இணை தெரியாவிட்டால் மதிப்பெண் போய்விடும். எனவே வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், பெயர்ச்சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும்: தொப்பி–கபுரு, காலணி–ஹகு, கண்ணாடி–ககெரு. நாள்தோறும் வீட்டைவிட்டுப் புறப்படும்போது, அணியும் ஒவ்வொன்றுக்கும் உரிய வினையைச் சொல்லிக்கொண்டே அணியலாம். திரும்பி வந்ததும் கழற்றும் வினைகளைச் சொல்லலாம். சில வாரங்களில் இந்த வேறுபாடு தானாகவே நாவில் நிற்கும்.